பார்வையை மறைக்கும் ஒற்றைத் தலைவலி: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் வழி

கடலூரிலும் புதுச்சேரியிலும் கண் பரிசோதனைக்கு வருபவர்களில் ஒரு சாராருக்குக் கண்ணில் எந்தக் குறையும் இருப்பதில்லை. எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படிக்கிறார்கள்; விழித்திரை நன்றாக இருக்கிறது; கண் அழுத்தமும் சரியாக இருக்கிறது. ஆனாலும் முந்தைய நாள் அரை மணி நேரம் எதிரில் இருந்தவரின் பாதி முகம் தெரியவில்லை என்று அவர்கள் சொல்வது முழு உண்மை. கோளாறு எழுந்த இடம் கண்ணன்று, பார்வையை உணரும் பின்தலை மூளை. இதை யாரும் எடுத்துச் சொல்லாததால் கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருப்பவர்களும், பித்தம் தலைக்கேறியது என்று எண்ணி எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டுப் படுப்பவர்களும் உண்டு. இதற்கு நேர்மாறாக, விழித்திரை கிழிந்தோ மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டோ பார்வை மறையும் வேளையில், வழக்கமான ஒற்றைத் தலைவலிதான் என்று காத்திருப்பவர்களும் உண்டு. பின்னவர்கள் இழப்பது மிகப் பெரிது என்பதால், அவர்களை முதலில் மனத்தில் வைத்தே இந்த வழிமுறை எழுதப்படுகிறது.

வீட்டில் காத்திருக்கக் கூடாத நிலைகள்

பார்வை மறைவதோடு முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கையோ காலோ தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, கீழே உள்ள எதையும் படித்துக்கொண்டிராமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும். ஒற்றைத் தலைவலியிலும் இவற்றுள் சில வருவதுண்டு என்றாலும், அதைப் பிரித்தறியும் பொறுப்பு மருத்துவமனையுடையது. வீட்டார் அதை ஏற்கக் கூடாது. மூளை இரத்தக்குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆகவே கடைசியாக எந்த நேரம் வரை நோயாளி நன்றாக இருந்தார் என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு செல்வது, கோப்புகளைத் தேடி எடுப்பதைவிடப் பயனுள்ளது.

நொடிகளில் உச்சத்தைத் தொட்ட, இதுவரை கண்டிராத தலைவலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, தலையில் அடிபட்ட பின் வந்த பார்வைக் குறை ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவையே. கர்ப்பிணிகளுக்கு இருபதாவது வாரத்துக்குப் பிறகும், பிள்ளை பெற்ற முதல் ஆறு வாரங்களிலும், தலைவலியோடு கண் முன் ஒளி தெறித்தாலோ பார்வை மங்கினாலோ, அதை ஒற்றைத் தலைவலி என்று வீட்டிலேயே முடிவு செய்யக் கூடாது. இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரப்போவதன் முன்னறிவிப்பாக அது இருக்கலாம். அன்றே, இரவானாலும், பிரசவப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குச் சென்று இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் பார்க்க வேண்டும்.

அறிகுறிக்குள் நுழையும் முன் மூன்று கேள்விகள்

ஒரு கண்ணில் மறைகிறதா, இரு கண்ணிலுமா? மெல்லத் தொடங்கியதா, திடீரென்றா? எவ்வளவு நேரம் நீடித்தது? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால், எந்த மருத்துவரிடம் செல்வது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

முதல் கேள்விக்கே பெரும்பாலோர் தவறான விடை சொல்கிறார்கள். இரு கண்களுக்கும் உரிய காட்சிப்பரப்பின் வலப்பாதி மறைந்தால், "வலது கண் தெரியவில்லை" என்றே தோன்றும். உண்மையில் வலப்பக்கக் காட்சி இரண்டு கண்களிலிருந்தும் இடப்பக்க மூளைக்குச் செல்கிறது. எனவே அறிகுறி இருக்கும்போதே ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் மூடிச் சுவர்க் காலண்டரின் தேதியை நேராகப் பார்க்க வேண்டும். பிறகு மறு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். எந்தக் கண்ணை மூடினாலும் அதே இடத்தில் அதே குறை தெரிந்தால், கோளாறு கண்களுக்குப் பின்னால் மூளையில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட கண்ணை மூடியவுடன் குறை முற்றிலும் மறைந்தால், அந்தக் கண்ணிலோ அதன் நரம்பிலோ அதன் இரத்த ஓட்டத்திலோ கோளாறு இருக்கிறது. இதற்கு அரை நிமிடம் போதும். அறிகுறி மறைந்த பின் எந்தக் கருவியாலும் இந்த விடையைத் திரும்பப் பெற முடியாது என்பதால், இதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்துகிறேன்.

பளபளக்கும் வளைந்த கோடு மெல்லப் பெரிதாகிறது

பார்வையைத் தாக்கும் ஒற்றைத் தலைவலியின் மிகத் தெளிவான முகம் இது. பார்க்கும் புள்ளிக்கு அருகில் முதலில் ஒரு சிறு மங்கல் தோன்றும். படிக்கும் சொல்லில் ஓரிரு எழுத்துகள் காணாமல் போகும். சில நிமிடங்களில் அந்த மங்கலின் ஓரத்தில் முறுக்கு முறுக்காக, துடித்து மின்னும் ஒரு வளைவு உருவாகி, பிறை வடிவில் பக்கவாட்டில் விரிந்துகொண்டே போகும். வளைவுக்குள் அகப்பட்ட இடம் தெரியாது. கண்களை மூடினாலும் மின்னல் நிற்காது. பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடங்களில் அது காட்சியின் ஓரத்துக்குப் போய் மறைந்துவிடும். 5 நிமிடங்கள் முதல் 60 நிமிடங்கள் வரை நீடிப்பதை மருத்துவம் இயல்பான எல்லையாகக் கொள்கிறது. இந்த முன்னறிகுறிக்கு ஆரா என்று பெயர். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலானோருக்கு ஆரா வருகிறது.

ஹூபர்ட் ஏரி என்ற ஆங்கில மருத்துவர் தமக்கு வந்த காட்சியைத் தாமே வரைந்து 1870இல் வெளியிட்டார். அந்தப் படம், கொத்தளங்கள் முனைமுனையாக நீட்டிய ஒரு கோட்டையை மேலிருந்து பார்ப்பது போல இருக்கும். 1761இல் ஆங்கிலேயர் தகர்த்த புதுச்சேரியின் ஐங்கோணக் கோட்டையைப் பழைய வரைபடங்களில் பார்த்தவர்களுக்கு அந்த உருவம் உடனே பிடிபடும். இது ஏன் இப்படி நகர்கிறது என்பதற்கு விடை பின்னர் வந்தது. உளவியலாளர் கார்ல் லாஷ்லி தம் ஆராவைக் காகிதத்தில் அவ்வப்போது வரைந்து, மூளையின் மேலடுக்கான புறணியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்று 1941இல் கணித்தார். பிரேசில் நாட்டு அறிஞர் அரிஸ்டிடிஸ் லியாவோ 1944இல் முயல்களின் மூளையில் அதே அளவு மெதுவாகப் பரவும் ஓர் அலையைக் கண்டறிந்தார். நரம்பணுக்கள் முதலில் கிளர்ந்தெழுந்து, பிறகு சிறிது நேரம் அடங்கிவிடும் அலை அது. கிளர்ச்சி மின்னும் கோடாகவும், அடக்கம் அதன் பின்னே வரும் மறைவாகவும் தெரிகின்றன. நேர்பார்வைக்கு மூளையில் மிக அகன்ற இடமும் ஓரப்பார்வைக்குக் குறுகிய இடமும் ஒதுக்கப்பட்டிருப்பதால், அலை ஒரே வேகத்தில் ஊர்ந்தாலும் நம் கண்ணுக்குக் கோடு நடுவில் மெதுவாகவும் ஓரத்தில் வேகமாகவும் விரிவதாகப் படுகிறது. மெல்ல நகர்தல் என்ற இந்த ஒரு குணமே ஆராவைப் பக்கவாதத்திலிருந்து பிரித்துக் காட்டும் சிறந்த அடையாளம். இரத்தத் தடையால் வரும் மறைவு பொதுவாக நொடியில் முழுமையடையும். அது ஊர்வதுமில்லை, பெரும்பாலும் மின்னுவதுமில்லை.

ஆரா தொடங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, வண்டியை நிறுத்துவது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருசக்கர வாகனத்தில் செல்பவருக்கு வலப்பாதி காட்சி இல்லையென்றால், முந்திச் செல்லும் பேருந்து தெரியாது; தெரியவில்லை என்பதே அவருக்குத் தெரியாது, ஏனெனில் மூளை அந்த இடைவெளியைக் கருமையாகக் காட்டுவதில்லை. கடலில் படகு ஓட்டுபவர் சுக்கானை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். நிழலான இடத்தில் அமர்ந்து, நேரத்தைக் குறித்து, கண்ணை மூடிப் பார்க்கும் சோதனையைச் செய்து, தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டும். சிலருக்குப் பார்வை தெளிந்த பின் விரல் நுனியிலிருந்து மரமரப்பு மெல்ல மேலேறி உதட்டை அடையும்; அதுவும் அதே அலையின் பயணமே. ஆனால் முதன்முறையாக அப்படி வந்தால் அவசரப் பிரிவில் காட்டியே தீர வேண்டும். ஒரு மணி நேரம் கடந்தும் பார்வை தெளியாவிட்டாலும் அப்படியே.

பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். வலி வராமல் ஆராவோடு நின்றுவிடுபவர்களும் இருக்கிறார்கள். வயது ஏற ஏற அது மிகுதியாகக் காணப்படுகிறது. ஆயினும் 50 வயதுக்குப் பின் வாழ்நாளில் முதன்முறையாக இப்படிப்பட்ட காட்சி தோன்றியவர், கோடு எவ்வளவு அழகாக ஊர்ந்திருந்தாலும், இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் துடிப்பு, கழுத்து இரத்தக்குழாய் ஆகியவற்றைப் பரிசோதிக்காமல் விடக் கூடாது.

ஒரே கண்ணில் திரை இறங்கியது

மேலிருந்து சாம்பல் நிறத் திரை இறங்கியதுபோல் ஒரு கண் மட்டும் சில நிமிடங்கள் மறைந்து, வலியின்றித் திரும்பத் தெளிந்தால், அதை நல்லவேளை போய்விட்டது என்று மறந்துவிடுவதுதான் வழக்கம். என் கருத்தில் இந்த வழிமுறையிலேயே மிக எச்சரிக்கை தேவைப்படும் வரி இதுதான்: தெளிந்துவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கழுத்து இரத்தக்குழாயிலிருந்து பெயர்ந்த ஒரு துகள் விழித்திரையின் இரத்தத்தைச் சற்று நேரம் அடைத்திருக்கலாம். அடுத்த துகள் மூளைக்குப் போகலாம். விழித்திரை சார்ந்த ஒற்றைத் தலைவலி என்று ஒன்று உண்டு, ஆனால் அது அரிது. மற்ற எல்லாக் காரணங்களையும் விலக்கிய பிறகே மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சூட்டுவார்கள்.

50 வயதைக் கடந்தவருக்கு நெற்றிப்பொட்டில் புதிதாக வலி, தலை வாரினால் தோல் நோவு, மெல்லும்போது தாடை வலித்து நிறுத்த வேண்டியிருத்தல் ஆகியவற்றோடு ஒரு கண் மங்கினால், நெற்றிப்பொட்டுத் தமனியின் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்தை உடனே தொடங்காவிட்டால் மறு கண்ணும் சில நாட்களிலேயே போய்விடக்கூடும்.

ஓரத்தில் மின்னல் கீற்றும், பூச்சி பறப்பதும்

இருட்டறையில் கண்ணை அசைத்தால் ஓரத்தில் ஒரு நொடி மின்னல் கீற்றுத் தோன்றுவதும், புதிதாகக் கரும்புள்ளிகளோ நூலிழைகளோ மிதப்பதும், கண்ணுக்குள் இருக்கும் கூழ் விழித்திரையிலிருந்து விலகும்போது வருபவை. இந்த மின்னல் ஒரே கண்ணில் வரும், நொடியில் மறையும், முறுக்குக் கோடாக வளராது. கூழ் விலகும்போது விழித்திரையைக் கிழித்திருந்தால், கிழிசல் வழியே நீர் புகுந்து விழித்திரை பிரிந்துவிடும். பிரிவதற்கு முன் லேசர் போட்டால் பெரும்பாலும் கண் காப்பாற்றப்படும் என்பதால், ஓரிரு நாட்களுக்குள் கண்மணியை விரித்துப் பார்க்கும் பரிசோதனை தேவை. ஓரத்திலிருந்து நிழல் உள்ளே வரத் தொடங்கிவிட்டால் அன்றே தேவை. கிட்டப்பார்வைக்குத் தடித்த கண்ணாடி அணிபவர்களும், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களும், கண்ணில் அடிபட்டவர்களும் இதில் தாமதிக்கவே கூடாது. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிக்குத் திடீரென்று கண்ணுக்குள் புகை பரவியதுபோல் கருமை சூழ்ந்தால், உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம்.

குனிந்து எழுந்தால் சில நொடிகள் இருட்டு

கோலம் போட்டு எழும்போது கண் இருட்டிக்கொண்டு வருவதற்கு இரத்தச் சோகையோ, நீர்ச்சத்துக் குறைவோ, இரத்த அழுத்த மாத்திரையின் அளவோ காரணமாக இருக்கலாம். ஆனால் நாள்தோறும் தலைவலி, படுத்தால் அல்லது குனிந்தால் கூடும் வலி, காதில் நாடித்துடிப்புப் போன்ற இரைச்சல், அதனோடு சில நொடிகள் மட்டுமே வந்துபோகும் இருட்டு என்று சேர்ந்தால், தலைக்குள் நீரழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடல் எடை கூடிய இளம்பெண்களிடம் இது மிகுதி. பார்வை நரம்பின் வீக்கத்தைக் கண் மருத்துவர் விளக்கொளியிலேயே கண்டுவிடுவார். ஒற்றைத் தலைவலி என்று பெயரிட்டு மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால், நரம்பு மெல்ல மெல்லப் பட்டுப்போகும்.

கண் சிவந்து வலிக்கிறது, விளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறது

ஒரு பக்கத் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் ஆகிய மூன்றும் ஒற்றைத் தலைவலியிலும் உண்டு, கண் அழுத்தம் திடீரென்று ஏறும்போதும் உண்டு. வாந்தியை முன்னிட்டு வயிற்றுக்கு மருந்து கொடுத்து அனுப்பப்படும் நோயாளிகள் இதில் கண்ணை இழக்கிறார்கள். வேறுபாடு கண்ணிலேயே இருக்கிறது: அந்தக் கண் சிவந்திருக்கும், கருவிழி மங்கியிருக்கும், கண்மணி விரிந்தபடி ஒளிக்குச் சுருங்காமல் நிற்கும், தெருவிளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். இது சில மணி நேரங்களில் நரம்பைக் கெடுக்கும் அவசர நிலை. ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதற்காகக் கொடுக்கப்படும் டோபிராமேட் மாத்திரையே, தொடங்கிய முதல் சில வாரங்களில், அரிதாகச் சிலருக்கு இரு கண்களிலும் இப்படி அழுத்தத்தை ஏற்றித் தூரப்பார்வையை மங்கச் செய்யும். அந்த மாத்திரை சாப்பிடுபவர் திடீரென்று தூரத்துப் பலகையைப் படிக்க முடியவில்லை என்றால், புதுக் கண்ணாடிக்கு அளவு எடுக்காமல் உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கண்ணீரும் மூக்கடைப்புமாக, நாள்தோறும் ஒரே நேரத்தில், உட்கார முடியாத அளவுக்கு ஒரு கண்ணைச் சுற்றி வெட்டும் வலி 15 நிமிடங்கள் முதல் மூன்று மணி நேரம் வரை வந்துபோனால் அது கொத்துத் தலைவலி எனப்படும் வேறொரு நோய். அதற்கு மருத்துவம் வேறு. ஒற்றைத் தலைவலிக்காரர் அசையாமல் இருட்டில் படுப்பார். இவர் எழுந்து நடந்துகொண்டே இருப்பார்.

இமை தொங்கி, ஒன்று இரண்டாகத் தெரிகிறது

ஒரு பக்க இமை இறங்கி, அந்தக் கண்ணின் கண்மணி மறு கண்ணைவிடப் பெரிதாக இருந்தால், மூளை இரத்தக்குழாயில் வீக்கம் ஒன்று நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். இதற்கு ஸ்கேன் வசதி உள்ள அவசரப் பிரிவே ஒரே இடம்.

ஒற்றைத் தலைவலிதான் என்று உறுதியான பிறகும் அடங்கவில்லை

இங்கே தவறு பெரும்பாலும் மாத்திரையின் நேரத்திலும் எண்ணிக்கையிலும் இருக்கிறது. வலி முற்றிய பின் சாப்பிட்ட மாத்திரை வயிற்றிலேயே தங்கிவிடும், ஏனெனில் தாக்குதலின்போது இரைப்பை மெதுவாகவே இயங்குகிறது. மருத்துவர் அனுமதித்த வலி மாத்திரையை வலி தொடங்கும் கட்டத்திலேயே, தேவைப்பட்டால் வாந்தித் தடுப்பு மாத்திரையோடு, எடுக்க வேண்டும். ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள சுமாட்ரிப்டான் வகை மருந்தை ஆரா ஓடும்போது எடுக்காமல் வலி தொடங்கும்போது எடுப்பதே முறை; மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு அது ஆகாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையோடு டெங்குவும் பரவும் நாட்களில், காய்ச்சலுடன் கண்ணுக்குப் பின்னால் வலித்தால் ஆஸ்பிரினையும் இபுபுரூஃபனையும் தொடவே கூடாது. பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொண்டு இரத்தப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களும் அதற்கு மேலும், அல்லது சுமாட்ரிப்டான் வகையையோ கலவை மாத்திரையையோ 10 நாட்களும் அதற்கு மேலும், மூன்று மாதங்களுக்கு மேல் எடுப்பவருக்கு, மாத்திரையே தலைவலியைத் தொடர்ந்து உண்டாக்கும். அந்த நிலையில் தேவை இன்னும் வலுவான மாத்திரையன்று. நிறுத்துவதற்கான திட்டமும், புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், ஃபுளுனரிசின் போன்ற தடுப்பு மருந்துகளில் தமக்கு ஏற்றதும்தான். ஆஸ்துமா உள்ளவர் அதை முதலிலேயே சொல்ல வேண்டும், ஏனெனில் புரோப்ரனலால் அவருக்கு மூச்சை இறுக்கும்.

பெண்கள் அவசியம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆராவுடன் கூடிய ஒற்றைத் தலைவலி பக்கவாதத்தின் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை அதை மேலும் கூட்டுவதால், ஆரா உள்ளவர்கள் அதை எடுக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மாதவிடாயைச் சீராக்க என்று கொடுக்கப்படும் மாத்திரைகளிலும் அதே ஈஸ்ட்ரோஜன் இருக்கக்கூடும். தலைவலிக்கு ஒரு மருத்துவர், மாதவிடாய்க்கு வேறொரு மருத்துவர் என்று போகும்போது இந்தச் செய்தி இடையில் விழுந்துவிடுகிறது. புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தூண்டுபவற்றைப் பொறுத்தவரை, ஒவ்வோர் உணவையும் சந்தேகித்துத் தட்டிலிருந்து நீக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் திரிதல், விரதத்தின் பேரில் வேளை தவறுதல், இரவுப் பணியால் கலைந்த தூக்கம், மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், காலை வெயிலில் கடல் பரப்பின் கூசொளி, சாலையோர மரங்களின் ஊடே விட்டுவிட்டு விழும் ஒளி ஆகியவற்றைக் கவனித்தாலே பலருக்குத் தாக்குதல்கள் குறைகின்றன. வெளியே வெயிற்கண்ணாடி நல்லது; வீட்டுக்குள்ளும் நாள் முழுவதும் அதை அணிந்தால் கண் இருளுக்குப் பழகி ஒளிக்கூச்சம் கூடிவிடும்.

எங்கே செல்வது, எதை எடுத்துச் செல்வது

ஒரு கண்ணில் மட்டும் மின்னல், மிதக்கும் புள்ளிகள், சிவப்பு, வலி என்றால் கண் மருத்துவமனை முதலிடம். கடலூர்–புதுச்சேரி சாலையில் தவளக்குப்பத்தில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனை இரு ஊராருக்கும் எட்டும் தூரத்தில் உள்ளது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் கூசும், கிட்டத்தில் படிக்க முடியாது. எனவே வண்டி ஓட்ட ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை போன்றவற்றுக்குக் கண் மருத்துவமனையில் நின்று நேரத்தைக் கழிக்காமல், கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் போன்ற, நரம்பியல் பிரிவும் ஸ்கேனும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேரே போக வேண்டும். ஊர்ந்து மறையும் ஒளிக்கோடு மட்டும் மாதத்துக்கு ஓரிரு முறை வந்தால், கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் பொது மருத்துவரிடமே தொடங்கலாம்.

எடுத்துச் செல்ல வேண்டியது தினசரிக் காலண்டரின் கிழித்த தாள்களே போதும். தாக்குதல் வந்த நாளின் தாளில், தொடங்கிய நேரம், தெளிந்த நேரம், எந்தக் கண்ணை மூடியபோது என்ன தெரிந்தது, சாப்பிட்ட மாத்திரை ஆகியவற்றை எழுதி, பின்பக்கத்தில் கண்ட உருவத்தைப் பென்சிலால் வரைந்துவிட வேண்டும். சொல்லத் தெரியாத பிள்ளைகளிடம் படமே பேசும். பள்ளிப் பிள்ளை கரும்பலகையில் ஓட்டை தெரிகிறது என்று சொன்னால், படிக்காமல் இருக்கச் சாக்கு என்று கடிந்துகொள்ளாமல் ஒரு பென்சிலைக் கொடுத்து வரையச் சொல்ல வேண்டும்.